லிதியம் மின்கலமும் வீட்டு மின்னேற்றியும்

மின்சாரத்தை உண்டாக்குவது எளிது. அதைச் சேமித்து வைப்பதே அரிது. மின்னியலார் நெடுங்காலமாக அறிந்திருந்த இந்தக் குறையை நம் காலத்தில் பெருமளவு தீர்த்து வைத்தது லிதியம்-அயனி மின்கலம். கைப்பேசியும் மடிக்கணினியும் மின்சார ஸ்கூட்டரும் இதனாலேயே இயங்குகின்றன. இப்போது அது மாணவர் கைகளிலும் வந்து சேர்ந்துவிட்டது. பள்ளி அறிவியல் கண்காட்சிகளுக்குச் செல்லும்போதெல்லாம் கைவிளக்கு, சிறு வானொலிப் பெட்டி, தானே ஓடும் வண்டி என்று மாணவர்கள் செய்து வைத்திருக்கும் கருவிகளைப் பார்க்கிறேன். அவற்றுள் பலவற்றில் விரல் பருமனுள்ள உருளை வடிவான கலம் ஒன்று இருக்கும். அதற்குப் பெயர் 18650. எண்ணே பெயராக அமைந்தது. 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். இறுதியிலுள்ள சுழி உருளை வடிவத்தைக் குறிக்கும்.

இந்தக் கலத்துக்கு வீட்டிலேயே அமைத்த ஏற்பாட்டினால் மின்னேற்றுவது எப்படி, அதில் எங்கே ஆபத்து உள்ளது, அந்த ஆபத்து ஏன் வருகிறது என்பவற்றைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். 'அதைத் தொடாதே' என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் சொன்னதனால் யாரும் தொடாமல் இருந்ததாக நான் கண்டதில்லை. காரணம் தெரிந்து தொடுகிறவன் கைக்கே காவல் அதிகம் என்பது என் எண்ணம்.

முதலில் இந்தச் சிறு பொருளினுள் எவ்வளவு ஆற்றல் அடங்கியிருக்கிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். நடுத்தரமான 18650 கலம் ஒன்றின் கொள்ளளவு 2500 மில்லி ஆம்பியர் மணி. அதன் சராசரி மின்னழுத்தம் 3.7 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் 9.25 வாட் மணி. அதாவது 33,300 ஜூல். நூறு கிலோ எடையுள்ள அரிசி மூட்டை ஒன்றைப் பத்து மாடிக் கட்டடத்தின் உச்சிக்கு, ஏறத்தாழ 34 மீட்டர் உயரத்துக்கு, தூக்கி வைக்க இந்த ஆற்றல் போதும். கலத்தின் எடையோ 45 கிராம் அளவுதான். இந்த ஆற்றல் மூன்று மணி நேரத்தில் மெல்ல வெளிவந்தால் விளக்கு எரியும். சில நொடிகளில் வெளிவந்தால் வீடு எரியும்.

கலத்தின் உள்ளே நடப்பதை வானொலியில் படம் வரைந்து காட்ட இயலாது. ஆதலின் ஓர் உவமையால் சொல்கிறேன். நாடகக் கொட்டகைகள் இரண்டு எதிரெதிரே இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்று கோபால்ட்டு ஆக்சைடு போன்ற உலோக ஆக்சைடினால் ஆனது, அது நேர்முனை. மற்றொன்று கிராபைட்டினால் ஆனது, அது எதிர்முனை. இரண்டிலும் அடுக்கடுக்காக இருக்கை வரிசைகள் உள்ளன. நடுவே ஒரு தெரு. அத்தெருவில் நிரம்பியிருப்பது லிதியம் உப்பைக் கரைத்த கரிமத் திரவம். தெருவின் நடுவே நுண்துளைகள் உடைய மெல்லிய பாலிதீன் திரை ஒன்று தொங்குகிறது. அதன் தடிப்பு ஏறத்தாழ 20 மைக்ரான். தலைமயிரின் பருமனைவிடக் குறைவு. லிதியம் அயனிகளே பார்வையாளர்கள். மின்னேற்றும்போது அவர்கள் ஆக்சைடுக் கொட்டகையை விட்டு எழுந்து, திரையின் துளைகள் வழியே தெருவைக் கடந்து, கிராபைட்டு வரிசைகளில் சென்று அமர்கிறார்கள். விளக்கை எரிக்கும்போது அதே வழியில் திரும்பி வருகிறார்கள். அவர்கள் போகவும் வரவும் எலெக்ட்ரான்கள் வெளியே கம்பி வழியாகச் சுற்றி வருகின்றன. அதுவே நாம் பெறும் மின்சாரம்.

இந்த அமைப்பு ஒரே நாளில் கிடைத்ததன்று. அமெரிக்காவில் ஸ்டான்லி விட்டிங்ஹாம் 1970-களில் லிதியம் உலோகத்தையே எதிர்முனையாக வைத்துக் கலம் செய்தார். அது அடிக்கடி தீப்பற்றியது. லிதியம் தீயை அணைப்பதற்கு வேண்டிய தனி மருந்துக்கான செலவை ஆய்வுக்கூடமே ஏற்க வேண்டியிருக்கும் என்று தீயணைப்புப் படையினர் எச்சரிக்கும் அளவுக்கு நிலைமை முற்றியது. 1980-இல் ஆக்ஸ்போர்டில் ஜான் குட்இனஃப் கோபால்ட்டு ஆக்சைடு நேர்முனையைக் கண்டார். 1985-இல் ஜப்பானில் அகிரா யோஷினோ லிதியம் உலோகத்தை அறவே நீக்கி, அதன் இடத்தில் கரியை வைத்தார். தாம் செய்த கலத்தின் மீது இரும்புக் கட்டியை விழச் செய்து சோதித்தார்; தீ எழவில்லை. லிதியம் உலோகம் வைத்த கலமோ அதே அடியில் வெடித்தது. 1991-இல் சோனி நிறுவனம் இக்கலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த வரலாற்றை ஏன் சொல்கிறேன் என்றால், லிதியம் உலோகம் கலத்தினுள் இல்லாமையே இதன் பாதுகாப்புக்கு அடிப்படை. தவறாக மின்னேற்றுகிறவன், யோஷினோ நீக்கிய அந்த உலோகத்தை மீண்டும் உள்ளே படியச் செய்துவிடுகிறான்.

அது எவ்வாறு என்று பார்ப்போம். கொட்டகை காலியாக இருக்கும்போது வருகிறவர்கள் விரைவாக உட்கார்ந்துவிடுவார்கள். பாதிக்கு மேல் நிரம்பிய பிறகு வருகிறவர், வெற்றிடம் எங்கே என்று தேடி, பலருடைய கால்களைத் தாண்டிச் செல்ல வேண்டும். அந்நேரத்திலும் வாயிற்காவலன் முன்போலவே கூட்டத்தை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? வந்தவர்கள் வாயிலிலேயே குவிந்து நிற்பார்கள். கிராபைட்டின் உள்ளே நுழைய முடியாத லிதியம் அவ்வாறே அதன் மேற்பரப்பில் உலோகமாகப் படிகிறது. குளிர்காலத்தில் மக்கள் நடை தளர்வதுபோல, வெப்பநிலை சுழிக்குக் கீழே போனால் அயனிகளின் நடையும் தளரும். ஆதலின் உறைநிலைக் குளிரில் மின்னேற்றவே கூடாது என்கிறார்கள். படிந்த உலோகம் சில வேளை ஊசிபோல் வளர்ந்து திரையைத் துளைக்கும். துளைத்தால் இரு முனைகளும் உள்ளேயே தொட்டுக்கொள்ளும்.

மறுபக்கத்துக் கொட்டகையிலும் ஓர் எல்லை உண்டு. கோபால்ட்டு ஆக்சைடில் லிதியம் வெறும் விருந்தாளியன்று. கூரையைத் தாங்கும் தூணும் அதுவே. அதிலுள்ள லிதியத்தில் ஏறத்தாழப் பாதியை எடுக்கலாம். அந்த நிலையில் கலத்தின் மின்னழுத்தம் 4.2 வோல்ட் ஆகிறது. அதற்கு மேலும் உருவினால் படிக அமைப்பு நிலைகுலைகிறது. சூடு கூடினால் ஆக்சிஜனை வெளிவிடுகிறது. பக்கத்திலேயே எரியக்கூடிய திரவம் இருக்கிறது. தீக்கு வேண்டிய மூன்றும் மூடிய எஃகுக் குழாய்க்குள்ளே கூடிவிடுகின்றன. இதன் பின் நடப்பது சங்கிலித் தொடர் போன்றது. கலத்தின் உட்புறம் ஏறத்தாழ 90 பாகை செல்சியசை எட்டும்போது கிராபைட்டின் மேலுள்ள காப்புப் படலம் சிதைந்து சூட்டை வெளிவிடுகிறது. 130 பாகை அளவில் பாலிதீன் திரை உருகுகிறது. அதற்கு மேல் நேர்முனை சிதைகிறது. ஒவ்வொரு படியும் அடுத்த படிக்கு வேண்டிய சூட்டைத் தானே கொடுக்கிறது. இந்நிலைக்கு வந்த பிறகு மின்னேற்றியைப் பிடுங்கினாலும் பயனில்லை.

மோட்டார் வண்டியிலுள்ள ஈய அமிலக் கலம் இவ்வளவு கண்டிப்பானதன்று. அதை அளவுக்கு மிஞ்சி ஏற்றினால் உள்ளே இருக்கும் நீர் வாயுக்களாகப் பிரிந்து வெளியேறும். வாலை வடிநீர் ஊற்றிக் குறையைச் சரி செய்கிறோம். நிக்கல் கலத்தில், மெதுவாக ஏற்றும் வரையில், மிகையாக உண்டாகும் ஆக்சிஜன் உள்ளேயே மீண்டும் சேர்ந்துகொள்ளும். மிகை மின்சாரம் தணிந்து போக ஒரு வடிகால் அவற்றில் உண்டு. லிதியம்-அயனிக் கலத்தில் அந்த வடிகால் இல்லை. நிரம்பிய பிறகு வரும் ஒவ்வொரு துளி மின்சாரமும் கலத்தைக் கெடுக்கவே பயன்படுகிறது. ஆகவே இதன் மின்னேற்றிக்கு மின்சாரத்தைக் கொடுக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. சரியான இடத்தில் நிறுத்தத் தெரிய வேண்டும்.

நிறுத்தும் முறை இரண்டு கட்டங்களாக அமைகிறது. முதற் கட்டத்தில் மின்னோட்டத்தை மாறாமல் வைக்கிறோம். 2500 மில்லி ஆம்பியர் மணிக் கலத்துக்கு அதன் பாதியான 1250 மில்லி ஆம்பியர், அல்லது அதற்கும் குறைவு, தக்கது. கலத்தின் அழுத்தம் மெல்ல உயர்ந்து 4.20 வோல்ட்டைத் தொடும். அங்கிருந்து இரண்டாம் கட்டம். இப்போது மாறாமல் வைப்பது அழுத்தத்தை. 4.20-இலேயே நிறுத்தி வைக்க, மின்னோட்டம் தானே குறைந்துகொண்டு வரும். இருக்கை தேடுவோர் மெல்ல மெல்ல உட்காருகிறார்கள் என்று பொருள். தொடக்கத்தில் வைத்த ஓட்டத்தில் பத்தில் ஒரு பங்காகக் குறைந்ததும் தொடர்பை முற்றிலும் துண்டித்துவிட வேண்டும். சொட்டுச் சொட்டாக ஏற்றிக்கொண்டே இருக்கும் பழக்கம் இதற்கு ஆகாது.

4.20 என்பதில் பொதுவாக அனுமதிக்கப்படும் பிழை 0.05 வோல்ட் மட்டுமே. மலிவான மல்டிமீட்டரில் ஒரு சதவீதப் பிழை இருப்பது சாதாரணம். அவ்வாறாயின் அது 4.20 என்று காட்டும்போது உண்மை 4.24-ஆக இருக்கலாம். ஆகையால் தம் கருவியின் மீது முழு நம்பிக்கை இல்லாதவர்கள் 4.10 வோல்ட்டிலேயே நிறுத்திக்கொள்ளலாம். கொள்ளளவில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறையும். ஆனால் கலம் கூடுதல் காலம் உழைக்கும். நான் என் மேசையில் பயன்படுத்தும் கலங்களுக்கு இதையே செய்கிறேன்.

இனி, மாணவர்களிடம் நான் மிகுதியாகக் காணும் ஆபத்தான செயலைக் கூறுகிறேன். கைப்பேசிக்கு உரிய, சுவரில் செருகும் சிறு பெட்டியின் கம்பியை வெட்டி, சிவப்புக் கம்பியைக் கலத்தின் நேர்முனையிலும் கறுப்புக் கம்பியை எதிர்முனையிலும் நேராகச் சேர்த்துவிடுகிறார்கள். கேட்டால், 'இது சார்ஜர்தானே ஐயா?' என்பார்கள். அங்கேதான் பிழை. உலகமே அதைச் சார்ஜர் என்று அழைத்தாலும் அது சார்ஜர் அன்று. 230 வோல்ட் மாறுமின்சாரத்தை 5 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றித் தருவது ஒன்றே அதன் பணி. உண்மையான மின்னேற்றி கைப்பேசியின் உள்ளே இருக்கிறது. அதுவே எவ்வளவு வாங்குவது, எப்போது நிறுத்துவது என்பதையெல்லாம் முடிவு செய்கிறது. கைப்பேசியை நீக்கிவிட்டுப் பெட்டியை மட்டும் கலத்துடன் இணைத்தால், அது தன்னால் இயன்ற அளவு மின்னோட்டத்தைக் கொடுத்து, கலத்தை 5 வோல்ட்டை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். நிற்க வேண்டிய இடம் 4.2 என்பது அதற்குத் தெரியாது. முதல் அரைமணி நேரம் எல்லாம் ஒழுங்காகவே தோன்றும் என்பதுதான் இதில் மிகக் கொடியது. ஒருமுறை செய்து ஒன்றும் ஆகவில்லை என்று கண்டவன் மறுமுறை இரவில் இணைத்துவிட்டு உறங்கப் போகிறான்.

அப்படியானால் கலத்துக்கும் பெட்டிக்கும் நடுவே நிற்க வேண்டியது எது? டி.பி. 4056 என்னும் சில்லு ஒன்று உண்டு. சென்னை ரிச்சி தெருவிலும், பிற ஊர்களில் மின்னணு உறுப்புகள் விற்கும் கடைகளிலும், அஞ்சல் தலையைப் போன்ற சிறு பலகையில் பொருத்தப்பட்டு மலிவாகக் கிடைக்கிறது. முன் சொன்ன இரண்டு கட்டங்களையும் அச்சில்லு தானே நடத்துகிறது. கலத்தின் அழுத்தம் 2.9 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் முதலில் பத்தில் ஒரு பங்கு ஓட்டத்தை மட்டும் கொடுத்து அதை மெல்ல எழுப்பும். பிறகு முழு ஓட்டம், பிறகு 4.2 வோல்ட்டில் நிறுத்தம். ஓட்டம் பத்தில் ஒன்றாகக் குறைந்ததும் துண்டிப்பு. ஏற்றும்போது சிவப்பு விளக்கு எரியும். முடிந்ததும் நீலமோ பச்சையோ எரியும்.

இப்பலகை இரண்டு வகையாக விற்கப்படுகிறது. ஒன்றில் டி.பி. 4056 மட்டும் இருக்கும். மற்றொன்றில் டி.டபிள்யூ. 01 என்னும் காவற் சில்லும் அதனுடன் கூடியிருக்கும். இரண்டாவதையே கேட்டு வாங்குங்கள். அடையாளம் எளிது: காவல் உள்ள பலகையில் கலத்துக்கென இரண்டு புள்ளிகளும், வெளியே விளக்குக்கென இரண்டு புள்ளிகளுமாக நான்கு இருக்கும். முதற் சில்லு பழுதாகி 4.3 வோல்ட் வரை போய்விட்டால் காவற்சில்லு வழியை அடைத்துவிடும். விளக்கை அணைக்க மறந்து கலம் 2.4 வோல்ட் அளவுக்கு வறண்டாலும் அடைத்துவிடும். கம்பிகள் தவறித் தொட்டுக்கொண்டாலும் அப்படியே. ஒன்று தவறினால் மற்றொன்று என்னும் இந்த இரட்டைக் காவலை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். ஒரே ஒரு பொருளை நம்பியிருக்கும் ஏற்பாடு, அந்தப் பொருள் பழுதாகும் வரையில்தான் நல்லது.

பலகையில் நீங்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. கடையில் வாங்கும்போது அது பெரும்பாலும் 1000 மில்லி ஆம்பியருக்கு அமைக்கப்பட்டிருக்கும். பலகையில் உள்ள 1200 ஓம் மின்தடை ஒன்றே அதைத் தீர்மானிக்கிறது. புதிய 2500 கலத்துக்கு அது பொருந்தும். பழைய கலம் ஒன்று தேய்ந்து 1000 மில்லி ஆம்பியர் மணி அளவுக்கு வந்திருந்தாலோ, சிறிய தட்டைக் கலமாக இருந்தாலோ, அந்த ஓட்டம் மிகுதி. அம்மின்தடையை எடுத்துவிட்டு 2000 ஓம் வைத்தால் ஓட்டம் ஏறத்தாழ 580 ஆகக் குறையும். 5000 ஓம் வைத்தால் 250. அடுத்தது சூடு. 5 வோல்ட்டுக்கும் கலத்தின் அழுத்தத்துக்கும் உள்ள வேறுபாட்டை இச்சில்லு சூடாகவே கழிக்கிறது. கலம் 3 வோல்ட்டில் இருக்கும்போது ஒரு ஆம்பியர் ஓடினால் 2 வாட் சூடு. அச்சிறு பரப்பில் விரல் வைக்க முடியாது. சில்லு அதைத் தாங்கும், கலம் தாங்காது. ஆதலால் பலகையைக் கலத்தின் மேலேயே ஒட்டி வைக்காதீர்கள். மேலும், இப்பலகைகளுள் பெரும்பாலானவற்றில் கலத்தின் சூட்டை அறியும் உறுப்பு இணைக்கப்படாமலே விடப்பட்டிருக்கிறது. கலம் கொதித்தாலும் பலகைக்குத் தெரியாது. அந்தப் பொறுப்பு உங்கள் கைக்கு உரியது.

ஏற்றிக்கொண்டிருக்கும்போதே விளக்கையும் எரிக்கலாமா என்று கேட்பார்கள். இப்பலகையில் வேண்டாம். விளக்கு இழுக்கும் ஓட்டத்தைச் சில்லு கலத்துக்குள் போகும் ஓட்டமென்றே எண்ணும். முடிந்தது என்பதை அறிய அது பார்த்திருப்பது அந்த ஓட்டத்தின் குறைவைத்தான். குறைவு வராவிட்டால் அது முடிக்கவும் செய்யாது.

கல்லூரி ஆய்வுக்கூடங்களில் அழுத்தத்தையும் ஓட்டத்தையும் விருப்பம்போல் அமைக்கக்கூடிய மின்வழங்கி இருக்கும். அதனாலும் இக்காரியம் ஆகும். கலத்தை இணைக்கும் முன்பே 4.20 வோல்ட்டையும் ஓட்டத்தின் எல்லையையும் அமைத்து, அளந்து பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் அக்கருவி முடிவில் தானே துண்டிக்காது. எழுந்து சென்று துண்டிக்க ஆள் இருக்க வேண்டும்.

மின்னேற்றி எவ்வளவு நன்றாக இருந்தாலும் கலம் கெட்டதாக இருந்தால் பயனில்லை. மாணவர்கள் பலர் பழைய மடிக்கணினிப் பெட்டியைப் பிரித்துக் கலங்களை எடுக்கிறார்கள். அவ்வாறு எடுத்தவுடன் மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். 2.5 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் சோதித்துப் பார்க்கத் தகுந்தது. 2 வோல்ட்டுக்குக் கீழே நெடுநாள் கிடந்த கலத்தைத் தூக்கி எறிந்துவிடுங்கள். எதிர்முனையின் செப்புத் தகடு திரவத்தில் கரையத் தொடங்கியிருக்கும். மின்னேற்றினால் கரைந்த செம்பு கண்ட இடத்தில் படிந்து உள்ளே பாலம் அமைத்துவிடும். அத்தகைய கலத்துக்கு உயிர் கொடுக்கும் வித்தைகளைப் பலர் சொல்லித் தருவார்கள். கலம் உயிர் பெறுவதும் உண்டு, அதுதான் தொல்லை. சோதித்துத் தேறிய கலத்தை முழுதும் ஏற்றி, இரண்டு வாரம் தனியே வைத்துவிட்டு மறுபடியும் அளவிடுங்கள். 4.1 வோல்ட் அளவில் நிற்குமானால் நல்லது. 4-க்கும் கீழே இறங்கியிருந்தால் உள்ளே கசிவு இருக்கிறது. புதிதாக வாங்குகிறவர்கள் மேலுறையில் அச்சிட்ட எண்ணைக் கண்டு மயங்க வேண்டாம். 9900 மில்லி ஆம்பியர் மணி என்று போட்டு விற்கிறார்கள். இந்த அளவுள்ள உருளைக்குள் நல்ல தொழிற்சாலைகள் அடக்குவது பெரும்பாலும் 2000 முதல் 3500 வரையில்தான். எண்ணில் பொய் சொன்னவர் திரையின் தரத்தில் மெய் சொல்லியிருப்பார் என்று நம்ப இடமில்லை.

மேலுறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. வண்ணத் தாள்போல் இருக்கும் அந்தப் பிளாஸ்டிக் உறை அழகுக்காக வைத்ததன்று. 18650 கலத்தின் எஃகுக் குழாய் முழுவதும், மேல் விளிம்பு வரை, எதிர்முனையே. நடுவிலுள்ள சிறு மொட்டு மட்டுமே நேர்முனை. இரண்டுக்கும் நடுவே மெல்லிய வளையம் ஒன்றே காவல். உறை கிழிந்த கலத்தின் தலைமேல் ஓர் உலோகப் பட்டை படிந்தால் குறுக்குச்சுற்று ஏற்படும். கலத்தின் அகத்தடை 0.05 ஓம் என்று வைத்துக்கொண்டால், ஓமின் விதிப்படி 74 ஆம்பியர் பாயும். சாவிக்கொத்தும் சில்லறைக் காசும் உள்ள பையில் கலத்தைப் போட்டுக்கொண்டு போகிறவர் தம் தொடையருகே இந்தக் கணக்கைச் சுமந்து போகிறார்.

கம்பியைக் கலத்தின் மேல் நேராக ஈயப்பற்று வைத்து இணைப்பதும் ஆகாது. காய்ச்சிய கோலின் நுனி 300 பாகைக்கு மேல் சூடுள்ளது. திரை உருகுவது 130-இல் என்று முன்பே சொன்னேன். வில் பொருத்திய கலப்பெட்டி கடைகளில் கிடைக்கிறது, அதில் செருகிக்கொள்ளுங்கள். பெட்டியின் கம்பிகளைப் பலகையில் இணைக்கும்போது நேர்முனை, எதிர்முனை மாறாதபடி இருமுறை பாருங்கள். தலைகீழாகக் கலத்தைப் போட்டால் இப்பலகை தன்னைக் காத்துக்கொள்ளாது. ஒரு நொடியில் புகையும்.

மின்னேற்றும் இடம் எது? மெத்தையும் மேசைவிரிப்பும் புத்தக அடுக்கும் அருகில் இல்லாத கல் தரை நல்லது. உலர்ந்த மணல் பரப்பிய மண்சட்டியில் கலப்பெட்டியை வைப்பது நம் வீடுகளில் எளிதாகச் செய்யக்கூடிய ஏற்பாடு. இறுக மூடிய டப்பாவில் மட்டும் வைக்க வேண்டாம். வாயு வெளியேற வழியில்லாவிட்டால் டப்பா குண்டாகிவிடும். மின்னேற்றும்போது சுற்றுப்புறச் சூடு 45 பாகை செல்சியசைத் தாண்டலாகாது. வேலூரிலும் திருச்சியிலும் சித்திரை வெயிலில் நிழலிலேயே 40-ஐத் தாண்டும் நாட்கள் உண்டு. தகரக் கூரையின் கீழும், வெயிலில் நிறுத்திய காரினுள்ளும் இன்னும் அதிகம். அத்தகைய நாட்களில் மாலை தணிந்த பிறகு ஏற்றுங்கள். ஏற்றிக்கொண்டிருக்கும் கலத்தை அவ்வப்போது தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இயல்பு. கையில் பிடிக்கத் தயங்கும் சூடு இயல்பன்று, உடனே துண்டியுங்கள். வீட்டில் எல்லோரும் உறங்கும்போது இந்த வேலை நடக்கவே கூடாது.

ஒரு கலத்தில் வெற்றி கண்டவர்கள் மூன்று கலங்களைத் தொடராக இணைத்துப் பெரிய கருவி செய்ய விரும்புவார்கள். அங்கே புதியதொரு சிக்கல் பிறக்கிறது. மூன்று கலங்களுக்கு 12.6 வோல்ட் என்று கணக்கிட்டுக் கொடுக்கிறோம். ஒன்று 4.4, மற்ற இரண்டும் 4.1, 4.1 என்றிருந்தாலும் கூட்டுத்தொகை 12.6 தானே! மின்னேற்றி திருப்தி அடைந்துவிடும்; ஒரு கலம் மட்டும் எல்லை கடந்து நிற்கும். மூன்றும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியவையாக இருந்தாலும் காலப்போக்கில் வேறுபடும். ஒவ்வொரு கலத்தையும் தனித்தனியே அளந்து சமன் செய்யும் பலகை இல்லாமல் தொடர் இணைப்பை ஏற்றக் கூடாது. தொடக்கக்காரர்கள் கலங்களை வெளியே எடுத்து, ஒவ்வொன்றாக ஏற்றி, மீண்டும் செருகுவதே நலம். நேரம் பிடிக்கும், பிடிக்கட்டும்.

லிதியம் இரும்பு பாஸ்பேட்டு என்று மற்றொரு வகைக் கலம் இப்போது பரவி வருகிறது. உருவத்தில் வேறுபாடு தெரியாது. அதன் எல்லை 3.65 வோல்ட். 4.2 வோல்ட் பலகையில் அதை ஏற்றுவது பிழை. மேலுறையில் 3.2 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் அந்த வகை என்று அறிந்துகொள்ளுங்கள்.

எத்தனை காவல் வைத்தாலும் ஒருநாள் ஒரு கலம் சீறத் தொடங்கலாம். இனிப்பும் நெடியும் கலந்த மணம், சீறும் ஓசை, வெண்புகை ஆகியவை வந்தால் அதைக் கையில் எடுத்து வெளியே ஓட வேண்டாம். சுவரிலுள்ள விசையை அணையுங்கள், அறையிலுள்ளோரை வெளியேற்றுங்கள். அந்தப் புகையில் ஹைட்ரஜன் புளோரைடு என்னும் நச்சு வாயு உண்டு, அதைச் சுவாசிக்கலாகாது. லிதியம் தீக்கு நீர் ஊற்றக் கூடாது என்று பாடநூலில் படித்திருப்பீர்கள். அது லிதியம் உலோகத்துக்கு உரிய விதி. இக்கலத்தில் லிதியம் பெரும்பாலும் சேர்மமாகவே இருப்பதால், மின்சாரத்தைத் துண்டித்த பிறகு, தொலைவிலிருந்து நிறைய நீர் ஊற்றிக் குளிரச் செய்வதே சரியான முறை. தீ அணைந்தது போலத் தோன்றினாலும் உட்சூட்டினால் மீண்டும் பற்றக்கூடும். தீ பெரிதாக இருந்தால் உள்ளே இராமல் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லி அனுப்புங்கள்.

உப்பிய கலமும், உறை கிழிந்து துருவேறிய கலமும், சோதனையில் தேறாத கலமும் வீட்டுக் குப்பையில் சேரக் கூடாது. குப்பை வண்டியில் நசுங்கித் தீப்பிடிக்கும். 2022-இல் இந்திய அரசு பிறப்பித்த மின்கலக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய கலங்களைத் திரட்டி மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு அவற்றை உற்பத்தி செய்தவர்களுக்கு உண்டு. இரு முனைகளிலும் ஒட்டுத்தாள் ஒட்டி, ஒன்றையொன்று தொடாதபடி வைத்திருந்து, மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். நல்ல கலத்தை நெடுநாள் பயன்படுத்தாமல் வைப்பதானால் முழுதும் ஏற்றியும் வைக்காதீர்கள், முழுதும் வற்றவிட்டும் வைக்காதீர்கள். 3.7 அல்லது 3.8 வோல்ட்டில், குளிர்ந்த இடத்தில் வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்து பாருங்கள்.